பத்தொன்பதாம் தேதித் தாளின் பின்புறம்

சவேரியார் காலனியில் நாற்பத்தெட்டு வீடுகள், நாற்பத்தெட்டு வீட்டிலும் ஆணியில் தொங்கும் தினசரிக் காலண்டர், அந்தக் காலண்டர்களில் காலையில் கிழிக்கிற தாள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போவதில்லை, எல்லாம் மூன்றாம் வரிசை ஏழாம் நம்பர் வீட்டு எமரன்சியாவுக்குத்தான் போகும் என்பது, அவள் லாம்பர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே வந்த முதல் மாதத்திலேயே வழக்கமாகிவிட்டது. தாளின் முன்பக்கம் தேதியும் அன்றைய புனிதரின் பேரும் இருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும், அந்த வெறுமைதான் அவளுக்கு வேண்டும். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சிஸ்டர் யூலாலியா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொடுத்தார்: தாளின் உச்சியில் சேசு மரி சூசையை நினைத்து சே.ம.சூ. என்று போடு, ஒரு தாளில் ஒரு காரியம் மட்டும் எழுது, கண்ணால் காணாததை எழுதாதே, எழுதியதை அடிக்காதே. மற்றப் பிள்ளைகள் மடத்து வாசலைத் தாண்டியதும் அதை மறந்தார்கள். எமரன்சியா மறக்கவில்லை.

தண்ணீர் லாரி எத்தனை வந்தது, காற்று வடக்கிலிருந்து வாடையா மேற்கிலிருந்து கச்சானா, கொல்லைக் கதவு எந்த மாதத்தில் உப்பி மூடாமல் போகிறது, அடுத்த வீட்டு ரெஜினாள் எந்தக் கிழமையில் தலைவலி என்று படுக்கிறாள், எல்லாவற்றுக்கும் தாள் உண்டு, தாளுக்கு இலக்கம் உண்டு. தண்ணீருக்கு நான்கு, லாரித் தண்ணீர் நான்கின் கீழ் இரண்டு, லாரிக்காரனோடு சண்டை அந்த இரண்டின் கீழ் ஐந்து. செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அவை இலக்கப்படி நின்றன. எந்த இலக்கம் எது என்று எழுதிவைத்த பட்டியல் எதுவும் கிடையாது, அது அவள் தலைக்குள் இருந்தது.

"ஊர்ல பொம்பளைய நகை சேப்பாவ, இவ கிழிச்ச தாளு சேக்கா," என்பாள் லாம்பர்ட்டின் அக்கா சலேத். கட்டிக்கொள்ளாமல் தம்பி வீட்டிலேயே இருந்துவிட்ட சலேத்துக்கு நாக்கு உப்பளத்து மண்வெட்டி மாதிரி. ஆனால் தினமும் காலையில் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் நடந்து தாள் வாங்கி வருகிறவளும் அவள்தான்.

மகன் கஸ்பார் ஏழு மாதத்திலேயே குறைமாசமாகப் பிறந்தான், ஆகஸ்டில், ஒன்றே கால் கிலோ. ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தாறு நாள் கிடந்தான். "எத்தனை மில்லி குடிச்சான், எத்தன தடவ நனைச்சான், எல்லாம் எழுதி வையிம்மா, டாக்டர் கேப்பாரு," என்றாள் நர்ஸ். கேட்கவே வேண்டாம், எமரன்சியா மணிக்கு ஒரு தாள் எழுதினாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் மட்டும் ஒரு தாள் தவறியது. உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டாள், விழித்துப் பார்த்தால் பிள்ளையின் உதடு நீலம். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டச் சுண்ட மூச்சு வந்தது. குறைமாசப் பிள்ளைக்கு இது வருவதுதான் என்றார் டாக்டர். எழுதாத அந்த ஒரு மணி நேரத்தில்தான் மூச்சு நின்றது என்பதை அவள் டாக்டரிடம் சொல்லவில்லை, லாம்பர்ட்டிடமும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒன்றாம் இலக்கத்தைக் கொடுத்தாள், அதற்குப்பின் ஒரு மணி நேரம்கூடத் தவறவிடவில்லை. இடுப்பில் அவன், மடியில் தாள், காதுக்குப் பின்னால் பேனா என்று அவள் நடந்த நடை காலனிக்குப் பழகிப்போனது.

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கோவிலிலிருந்து வந்து, 'லாரி வரவில்லை' என்ற அன்றைய தாளைச் செருக நான்காம் பெட்டியைத் திறந்தபோது, அதன் பின்னால் மார்ச் மாதத்துத் தாள்கள் முப்பத்தொன்று நின்றுகொண்டிருந்தன. மார்ச் இன்னும் பிறக்கவில்லை. எமரன்சியா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். இலக்கம் சரி, இடம் சரி, உச்சியில் சே.ம.சூ. இருந்தது, கையெழுத்து அவளுடையது. எல்லாம் ஒழுங்காக இருந்தபடியால் மூடியை மூடிவிட்டு உலை வைக்கப் போனாள்.

தவக்காலம் முடிவதற்குள் ஒன்பது பெட்டி முப்பதானது, முப்பது தொண்ணூறானது. பெட்டிகள் வந்ததை யாரும் பார்த்ததில்லை. முந்தின நாள் சுவர் இருந்த இடத்தில் மறுநாள் பெட்டி இருந்தது, அவ்வளவுதான். காலண்டர் அச்சடிக்கிறவர்கள் இன்னும் அச்சடிக்காத வருஷங்களின் தாள்கள் அவற்றில் இருந்தன, பின்பக்கத்தில் அவள் இன்னும் எழுதாத எழுத்து இருந்தது, கடைசிப் பெட்டிகளில் அந்த எழுத்து பெரிதாகி வரி சாய்ந்து கண் மங்கிய கிழவியின் எழுத்தாக முடிந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் லாம்பர்ட் சரக்குப் பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து தட்டு அடித்தான், தட்டு நிறைந்ததும் கட்டிலை வெளியே போட்டான், கட்டில் போன இடமும் நிறைந்தது. தோமையார் மாதிரி தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத சலேத், நாளைத் தாள்களில் நாற்பதைத் தனி நோட்டில் பார்த்து எழுதிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தந்த நாள் வந்தபோது எமரன்சியா அன்றைய தாளைக் கிழித்து, கண்ணால் கண்டதை எழுதி, செருகப் போவாள். முன்பு அங்கே நின்ற தாள் இருக்காது, புதுத் தாள் அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும். நாற்பதிலும் ஓர் எழுத்துகூட மாறவில்லை. "சரி, வேலை மிச்சம்," என்று சலேத் நோட்டை மூடினாள்.

காலனி முதலில் தண்ணீருக்குத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை லாரி உண்டா இல்லையா என்று தெரிந்துகொண்டு பெண்கள் நிம்மதியாகத் தலைக்குக் குளித்தார்கள். பிறகு உப்பளத்து ஆட்கள் மழைக்கு வந்தார்கள், எந்தத் தேதியில் மழை என்று கேட்டு அதற்கு முந்தின நாளே உப்பை வாரிக் குவித்துக் கீற்றுப் போட்டார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் குறி கேட்பது பாவம் என்றார், ஆனால் தண்ணீர் லாரியின் நேரம் குறியில் சேருமா என்று திருச்சபை எங்கேயும் சொல்லவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார், திங்கட்கிழமை உபதேசியாரை அனுப்பித் திருவிழாச் சப்பரத்தன்று மழை உண்டா என்று விசாரித்தார். 'நான்காம் வரிசை சில்வெஸ்டர் தாடி வளர்க்கிறார், பொருத்தமாக இல்லை' என்று அக்டோபர் தாள் ஒன்று சொன்னது. விஷயம் அறிந்த சில்வெஸ்டர், "அப்ப எப்படியும் வளக்கத்தானே போறேன், இன்னைக்கே தொடங்குதேன்," என்று அன்றே சவரத்தை நிறுத்தினார்.

வாசலில் பெஞ்சு வந்தது, ரேஷன் கடையில் தள்ளிப்போட்ட பித்தளை டோக்கன்கள் வந்தன. காலனி கமிட்டித் தலைவர் வியாகுலம் ஒருநாள் தானே தேடிப் பார்க்கிறேன் என்று உள்ளே நுழைந்தார், மகளுக்கு எப்போது கல்யாணம் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை தேடினார், ஆட்டுக் குழம்பு பற்றிய தாள் பதினாறும் ரெஜினாளின் தலைவலி பற்றிய தாள் இருநூறும் கண்டெடுத்துத் தும்மிக்கொண்டே வெளியே வந்தார். கல்யாணம் பதினொன்றின் கீழ் இருந்தது. பதினொன்று காற்று. வியாகுலத்தின் மகள் கல்யாணத்தன்று காற்றில் பந்தல் சாயப்போவதால் எமரன்சியா அதை அங்கே வைக்கப்போகிறாள். அவளுக்கு அது உடனே தெரிந்தது, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அன்றைக்குத்தான் வியாகுலம் கமிட்டியைக் கூட்டிச் சொன்னார், "யம்மா, நீ இனி எங்கயும் போவாண்டாம். உனக்கு ஒரு தலவலி காய்ச்சல்னா காலனிக்கே கண்ணு அவிஞ்ச மாதிரி."

"ஈஸ்டருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போவணுமே மாமா."

"அம்மாவ இங்க கூட்டிட்டு வாரோம்."

அப்படியே செய்தார்கள். ஈஸ்டர் ஞாயிறு ஆட்டோ வைத்து அம்மாவைக் கூட்டிவந்து, மத்தியானச் சாப்பாடு போட்டு, சாயங்காலம் ஆட்டோ வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். துறைமுகச் சாலையில் லாரிகள் கண்மண் தெரியாமல் ஓடுவதால் காலனிக்குச் சுற்றுச்சுவரும் ஒரே ஒரு கேட்டும் உண்டு. அந்தக் கேட்டில் முறைவைத்து இரண்டு பெண்கள் உட்கார்ந்து கொடுவா மீனோ முருங்கைக்கீரையோ ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எமரன்சியா பிள்ளையோடு கேட்டுப் பக்கம் வந்தால் எழுந்து நின்று, "என்ன வேணும் சொல்லு, நாங்க வாங்கியாரோம்," என்று அன்பாகக் கேட்டார்கள். வீட்டுக்குள் பெட்டிகள் ஜன்னலை மறைத்தன. அடுப்படிக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஒரு முழ அகலத்தில் வழி இருந்தது, அதில் அவள் பக்கவாட்டில் நடந்தாள். மத்தியானத்திலும் பல்பு எரிந்தது.

சாவைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. யாரும் கேட்கவில்லை, எண்ணினார்கள். முதல் வரிசை இஞ்ஞாசியின் தாள்கள் ஜூலை இரண்டாம் தேதியோடு நின்றன, அதற்குப்பின் அவரைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இஞ்ஞாசி தன் கோழிகளைப் பிரித்துக் கொடுத்தார், வேட்டியை வெளுக்கப் போட்டார், ஜூலை இரண்டாம் தேதி காப்பி குடித்துவிட்டு நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சந்தியாகு அதே மாதிரி. அதன்பின் எல்லாரும் தம் பேரில் உள்ள கடைசித் தாளின் வருஷத்தை மட்டும் ஜாடையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தூரமாக இருந்தால் சத்தமாகவும் பக்கமாக இருந்தால் மெதுவாகவும் வீட்டுக்கு நடந்தார்கள்.

பிள்ளையின் ஒன்றாம் இலக்கத்தில் மட்டும் எமரன்சியா முன்னால் போய்ப் பார்த்ததே இல்லை. அன்றைய தாளைச் செருகுவாள், மூடியை அழுத்துவாள், கையை எடுத்துவிடுவாள். பார்த்தது சலேத். செப்டம்பரில் ஒருநாள் தூசி தட்ட ஏறியவள் தட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி," என்றாள், அவள் குரல் அவ்வளவு மெதுவாக வரும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. "ஒன்னாம் நம்பரு பதினாலாவது பெட்டியோட நிக்கிட்டி. அதுலயும் பாதி காலி."

கடைசித் தாள் நவம்பர் பதினெட்டு. 'காய்ச்சல் நூற்றொன்று. மாலை, கஞ்சி மூன்று கரண்டி.' அவ்வளவுதான்.

எமரன்சியா அழுதாள், பிறகு எழுதினாள், எழுதிக்கொண்டே அழுதாள். 'மூச்சு விடுகிறான்' என்று கால் மணிக்கு ஒரு தாள். நாற்பத்தெட்டு வீட்டுத் தாளும் போதாமல் சலேத் துறைமுகக் குடியிருப்புவரை போய்த் தாள் வாங்கி வந்தாள். நவம்பர் பதினெட்டுக்குள் எத்தனை தாள் வேண்டுமானாலும் பெட்டி வாங்கிக்கொண்டது. பதினெட்டுக்குப் பிறகு அது காலியாகவே இருந்தது.

காலனி இதையும் எடுத்துக்கொண்டது, தண்ணீரையும் மழையையும் எடுத்துக்கொண்டது போலவே. கொடுமை என்று எதுவும் யாரும் செய்யவில்லை. பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து கஸ்பாரின் கன்னத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்திக்கொண்டு போனார்கள், பண்டம் கொண்டுவந்தார்கள், பல் முளைக்காத வாயில் சர்க்கரை தடவினார்கள். ரெஜினாள் நவம்பர் இருபதில் வைத்திருந்த மகள் நிச்சயதார்த்தத்தை டிசம்பருக்குத் தள்ளிவைத்து அதை எமரன்சியாவிடமே வந்து சொன்னாள், "வரிசையில துக்கம் கெடக்கும்போது நாங்க எப்படி மைனி மேளம் வைக்க?" கிறிஸ்துமஸ் சட்டைக்கு அளவெடுக்க வந்த தையல்காரர் அளவெடுத்துவிட்டு, "வழக்கமா வளர்ற பிள்ளைக்கு ரெண்டு இஞ்சு விட்டுத்தான் தைப்பேன்," என்று தொடங்கி, நாடாவைச் சுருட்டிக்கொண்டு மீதியைச் சொல்லாமல் போனார். சாயங்காலங்களில் கோவிலிலிருந்து பாடகர் குழுவின் ஒத்திகை கேட்டது. சம்மனசுப் பூசைப் பாட்டு அது, சிறு பிள்ளைகளை அடக்கம் செய்யும்போது மட்டும் பாடுவது. பல வருஷமாகப் பாடாததால் ராகம் மறந்துவிட்டது என்று நேரத்தோடேயே பழகத் தொடங்கியிருந்தார்கள்.

லாம்பர்ட் இரட்டை ஷிப்ட் பார்த்தான். வீட்டுக்கு வந்தால் பிள்ளையைத் தூக்குவதில்லை.

"ஒரு தடவ அவனத் தூக்குங்களேன்."

"முடியல எமரன்சி. தூக்கினா எறக்கணும்லா."

"மதுரைக்குப் போவோம். பெரிய டாக்டரு இருக்காரு."

"போனோம்னு தாள்ல இருக்கா?"

இல்லை. தேடிப் பார்த்தாள், இல்லை. இருந்தும் அக்டோபர் கடைசியில் ஒரு காலையில் பிள்ளையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, மருத்துவச் சீட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த இருவரும் எழுந்தார்கள், பின்னாலிருந்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள், யாரும் கை வைக்கவில்லை, சும்மா நின்றார்கள், அவள் வலது பக்கம் போனால் வலது பக்கம், இடது பக்கம் போனால் இடது பக்கம். வியாகுலம் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார்.

"எங்க போனாலும் தேதி கூடவே வரும்மா. வழியில பஸ்சுல நடந்தா நல்லாவா இருக்கும்? இங்கன்னா நாங்கெல்லாம் இருக்கோம்."

"மாமா, வழிய விடுங்க."

"பிள்ளைக்கு வெயில் ஆவாது. உள்ள போ தாயி."

போனாள். அந்த ஒரு முழ வழியில் பக்கவாட்டில் நடந்து தொட்டில்வரை போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் அவளுடைய ஐம்பது வருஷம் செருப்புப் பெட்டிகளில் அடுக்கி நின்றது. அந்த ஐம்பது வருஷமும் அவள் இங்கேயேதான் இருக்கப்போகிறாள், லாரியை எண்ணிக்கொண்டு, காற்றைப் பார்த்துக்கொண்டு, பிள்ளை பேரைச் சொல்லாமல். சாவதைவிட அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து லாம்பர்ட் கொல்லைக் கதவைப் பற்றி ஏதோ கேட்டான், மழைக்கு முன்னால் இழைத்துவிடலாமா என்று. எப்போது உப்பும் என்று பார்க்க அவள் ஏழாம் பெட்டிக்குப் போனாள். கதவுக்கு ஏழு. வழக்கம்போலப் பின்னாலிருந்து முன்னால் தள்ளிக்கொண்டு வந்த விரல், அடுத்த வருஷம் ஆகஸ்டில் நின்றது.

'கொல்லைத் தாழ்ப்பாளைக் கழற்றி ஒரு முழம் மேலே ஏற்றி அடித்தாயிற்று. சுத்தியல் பட்டு லாம்பர்ட்டுக்குக் கட்டைவிரல் நகம் கறுத்தது.'

அதை மூன்று தடவை படித்தாள். அவளுக்கு எட்டுகிற தாழ்ப்பாள், லாம்பர்ட்டுக்கு எட்டுகிற தாழ்ப்பாள், அவர்களைவிட அரை அடி உயரமான சலேத்துக்கு எட்டுகிற தாழ்ப்பாள், அதை ஏன் மேலே ஏற்றவேண்டும்?

அன்றிலிருந்து டோக்கனோடு வந்தவர்களைப் பெஞ்சிலேயே உட்காரவைத்துவிட்டு அவள் ஒன்றாம் இலக்கத்தைத் தவிர எல்லாவற்றையும் தேடினாள். ஒரு காரியத்தை அதன் பேரில் தேடிக் கிடைக்காவிட்டால் அது போய் இடித்த இடங்களில் தேடவேண்டும் என்பது பெட்டி அடுக்குகிறவளுக்குத் தெரியாதா? அரிசி பதினெட்டு. மூன்று பேர் வீட்டில் மாதம் பதினைந்து கிலோ எப்போதும் மிஞ்சும். ஏழு வருஷம் தள்ளி ஒரு தாள், 'இருபத்தைந்து கிலோ வாங்கியும் இருபதாம் தேதிக்கே தீர்ந்தது.' சுவர் இருபத்திரண்டு. 'முட்டி உயரத்தில் கரிக்கோடு. வெள்ளையடித்தும் போகவில்லை.' மண்ணெண்ணெய்க்கு முப்பது. 'முழங்கால் சிராய்ப்புக்குப் போட்டதில் பாட்டில் காலி'. யார் முழங்கால் என்று இல்லை. லாம்பர்ட்டின் சட்டைக்குப் பதினைந்து. 'நீலச் சட்டையைக் காணோம். கொடியில் இல்லை, அலமாரியில் இல்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.' சிரிக்கிறார்கள்! அப்போது லாம்பர்ட் யாரோடு சேர்ந்து சிரிக்கிறான்?

சலேத்தைக் கூப்பிட்டுத் தாள்களை வரிசையாகத் தரையில் வைத்தாள்.

சலேத் குனிந்து படித்தாள். "பூனையா இருக்கும்."

"பூன தாழ்ப்பாளத் தொறக்குமா மைனி?"

"வேற பிள்ள பொறந்திருக்கும்."

"பொறந்தா அதுக்கு ஒரு இலக்கம் இருக்காதா? நான் எழுதாம இருப்பேனா?"

"அதத்தானே நானும் கேக்கேன். இவன் இருந்தா நீ எழுதாம இருப்பியா? வாயில எச்சி வடிஞ்சா எழுதுதவ நீ."

எமரன்சியா திரும்பிப் பார்த்தாள். தொட்டிலில் கஸ்பார் தன் கால் பெருவிரலைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்கு மாதம் முடிந்திருந்தது, இன்னும் நிற்கவில்லை, இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அவள் அவனைப் பார்த்தாள், தாள்களைப் பார்த்தாள், ஒன்பதாம் நாள் மத்தியானத்து நீல உதடு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

"எழுதாமத்தான் இருந்திருக்கேன்," என்றாள் கடைசியில். "இந்தத் தாழ்ப்பாளப் பாத்ததுனால எழுதாம இருந்திருக்கேன். ஒன்னாம் நம்பர்ல இனி ஒரு தாள் நான் போட்டா, பெட்டி சொன்னது பொய்யாயிரும் மைனி. பெட்டி பொய்யாயிட்டா இந்தத் தாழ்ப்பாளும் பொய்யாயிரும், அரிசியும் பொய்யாயிரும்."

"அப்ப எழுதாத. அம்புட்டுதானே?"

"எழுதாட்டி அவன் மூச்சு நின்னுரும்," என்றாள் எமரன்சியா. பதினான்கு மாதத்தில் முதல்தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள்.

சலேத் தாள்களைப் பொறுக்கி, எந்தத் தாள் எங்கே போகவேண்டும் என்று தெரியாமல், அவள் கையிலேயே கொடுத்தாள்.

நவம்பர் பதினேழு காய்ச்சல் வந்தது, பெட்டி சொன்னபடி. பதினெட்டாம் தேதி நூற்றொன்று, எழுதினாள். மாலையில் கஞ்சி மூன்று கரண்டி, எழுதினாள். எழுதியது முன்பே நின்ற தாளின் இடத்தில் போய் உட்கார்ந்தது. அதற்குப்பின் பேனா எடுக்கவில்லை.

பத்தொன்பது வியாழக்கிழமை, விடிந்ததும் காலனி வந்துவிட்டது. பெஞ்சு போதாமல் பாய் விரித்தார்கள். ஆண்கள் சுவர் ஓரமாக நின்றார்கள், உப்பளத்துக்கு யாரும் போகவில்லை. ரெஜினாள் கடுங்காப்பி போட்டு எல்லாருக்கும் கொடுத்தாள். பாடகர் குழு பாட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது. பங்குச் சாமியார் வெள்ளை உடுப்போடு வந்து, நேரம் தெரியாத காரணத்தால் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். லாம்பர்ட் ஷிப்டுக்குப் போகாமல் கதவு நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சலேத் நாற்பத்தெட்டு வீட்டுத் தாளையும் எப்போதும்போல வாங்கிவந்து எமரன்சியாவின் பக்கத்தில் வைத்தாள், நாற்பத்தெட்டிலும் பத்தொன்பது என்று போட்டிருந்தது, நாற்பத்தெட்டின் பின்புறமும் வெறுமையாக இருந்தது.

ஏழு மணிக்கு அவள் எழுதவில்லை. எட்டு மணிக்கு எழுதவில்லை. வாசல் வழியே தெருவில் இரண்டு தண்ணீர் லாரி வந்து நின்று போவது தெரிந்தது. வலது கையை இடது கையால் பிடித்து மடியில் அழுத்திவைத்திருந்தாள், அது மீன் துள்ளுகிற மாதிரி துள்ளியது. பிள்ளையின் நெற்றி எவ்வளவு சுட்டது என்று அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது, இனியும் தெரியாது. ஒன்பது மணிக்குக் கண்ணை மூடி அவன் மூச்சை மட்டும் காதால் கேட்டாள். ஒன்று போய் அடுத்தது வருவதற்குள் அவளுக்குச் செத்துப் பிழைக்க நேரம் இருந்தது. வாசலில் ஒருத்தி, "எழுதாம இருக்காளே, பாவம், விட்டுட்டா போல," என்று முணுமுணுத்தாள், ஜெபமாலை தொடங்கியது. பாடகர் குழுத் தலைவர் தொண்டையைச் செருமி ஒரு தடவை சுதி பார்த்துக்கொண்டார்.

பதினொரு மணி வாக்கில் ஜெபமாலை நடுவில் நின்றது. முதலில் முன் பாயில் இருந்த ரெஜினாள் வாயைப் பொத்தினாள், பிறகு அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள், சாமியாரின் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, கதவு நிலையில் நின்ற லாம்பர்ட் பெட்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு அந்த ஒரு முழ வழியில் ஓடிவந்து முழங்காலில் விழுந்து, பிள்ளையைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "வா, வா," என்றான்.

"ஏட்டி, எழுதுட்டி!" என்று சலேத் கத்தினாள், தான் கத்துவது இன்னதென்று தெரியாமலே தாளையும் பேனாவையும் எடுத்து அவள் மடியில் திணித்தாள். "பாத்தியா, பாத்தியா, எழுதிருட்டி!"

"எதை மைனி?" என்றாள் எமரன்சியா. அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது, குரல் மட்டும் மாறவில்லை.

சலேத் அவளையே பார்த்தாள். பிறகு ஒன்றாம் இலக்கத்துப் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

எமரன்சியா பத்தொன்பதாம் தேதித் தாள் ஒன்றை எடுத்துத் திருப்பிப் போட்டு, உச்சியில் சே.ம.சூ. என்று போட்டாள். சூ மட்டும் கோணலாக விழுந்தது. இலக்கம் நான்கின் கீழ் இரண்டு என்று போட்டாள். வீடு முழுக்கச் சத்தமாக இருந்தது, நாற்பத்தெட்டு வீட்டு ஆட்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள், நடுவில் லாம்பர்ட்டின் சிரிப்பு கேட்டது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்:

'இன்று இரண்டு லாரி வந்தது. தண்ணீர் பிடிக்க யாரும் போகவில்லை.'